தீவா, திட்டா?

ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தத்தை என் தொழிலில் ஒரே ஒரு தடவைதான் கையில் எடுத்திருக்கிறேன். கப்பல் வழக்குக்கு இல்லை, 12,000 ரூபாய் படகுச் சவாரி வழக்குக்கு.

2023 பிப்ரவரியில் ஒருநாள் சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்தவர் விழுப்புரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கூடவே அவருடைய அம்மா. வயது 68, சர்க்கரை நோயாளி, வலது காலில் கட்டு. உட்கார்ந்ததும் மகன் செல்போனை மேஜையில் வைத்தார். "ஒரே நாளில் மூன்று தீவுகள்! தாய்லாந்து அனுபவம் நம்ம ஊரிலேயே!" ஆளுக்கு 2,400 ரூபாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை ஒட்டிய ஒரு விடுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம். படத்தில் பச்சைக் கண்ணாடி போல் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. மூன்று தீவுகளுக்கும் ஸ்டைலான பெயர்கள். அதில் ஒன்று 'கோரல் ஐலண்ட்'. சேறும் வண்டலும் கலந்த அந்த உப்பங்கழியில் பவளப்பாறை எங்கிருந்து வந்தது என்று சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்குக் கொஞ்சம் இடம் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்கு ஊர் சொல்லிக்கொண்டு வந்தால் மூன்றாவதாக வாயில் வருவது மரக்காணம். சாலையோரம் கண்ணுக்கெட்டிய வரை பாத்தி, ஓலை போர்த்திய உப்புக் குவியல். காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. மேற்கே கழுவெளி ஏரி. அதன் தண்ணீர் ஓடைகளும் கழிகளுமாகச் சுற்றி வந்து இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. வடகரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்து வருடத்தில் ஆங்கிலேயர் உடைத்த கோட்டை. அதற்கு எதிரே, கழிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் படகுக்காரர்கள் ஆட்களை அங்கே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார்கள். நானே போயிருக்கிறேன். நல்ல இடம். அதைத் தீவு என்று நான் நினைத்ததே கிடையாது, அவ்வளவுதான்.

ஜனவரி 22, ஞாயிறு. கணவன், மனைவி, அம்மா, ஒரு பெண், ஒரு பையன். முதல் 'தீவு' கழிக்குள் ஒரு சேற்று மேடு. படகை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாவதை விரல் நீட்டிக் காட்டினார்கள். மூன்றாவதுதான் அந்த மணல்திட்டு. பிற்பகல் இரண்டரை மணிக்கு இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு வந்துடுறோம் சார், இன்னொரு குரூப் இருக்கு" என்று படகு போய்விட்டது. உயிர்காப்புச் சட்டை ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு. அதையும் படகிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திட்டில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நாலு மணி போய், ஐந்தும் போனது. விடுதி எண்ணுக்கு அடித்தால் "வந்துட்டே இருக்கு". இறங்கும்போது கிரிக்கெட் விளையாடலாம் போல அகலமாக இருந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஐந்தே முக்காலுக்குச் செருப்பு மிதந்தது. அம்மா புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடு தேடி நடக்கையில் ஆளிச் சிப்பியில் பாதம் கிழிந்தது. இருட்டும் நேரத்தில், கழியில் இறால் வலையோடு போன ஒரு பெரியவர், அம்மாவின் பேத்தி போட்ட கூச்சல் கேட்டு வந்து ஐந்து பேரையும் தன் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்.

"தம்பி, பணம் கெடக்கட்டும். அந்தத் தண்ணி ஏறுனது இன்னும் கண்ண மூடுனா வருது" என்றார் அம்மா. காயம் ஆற இரண்டு மாதம் ஆனது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு இந்த மாதிரி வழக்குகளில் ஒரு சௌகரியம். பழைய 1986 சட்டத்தில், எதிராளி இருக்கும் இடத்திலோ வழக்குமூலம் எழுந்த இடத்திலோதான் போட முடியும். ஆலம்பரை செங்கல்பட்டு மாவட்டம். மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். படகோ எல்லை பார்க்காமல் போகிறது. அந்தத் தகராறிலேயே நாலு வாய்தா ஓடியிருக்கும். இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

பேத்தி கெட்டிக்காரப் பெண். படகில் ஏறும்போது எடுத்த செல்ஃபியில் படகின் பதிவு எண் தெளிவாக விழுந்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மீன்வளத் துறைக்கு ஒரு மனு போட்டேன். மீன்பிடிப்புக்கு மட்டுமே பதிவான ஃபைபர் படகு என்று பதில் வந்தது. பயணிகளை ஏற்றும் படகென்றால் 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பரிசோதனை வேண்டும், பதிவு வேண்டும், உயிர்காப்புச் சாதனங்கள் வேண்டும். வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழும் வாங்கி வைத்தேன். நுகர்வோர் ஆணையங்களில் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்க்கமாட்டார்கள் என்றாலும், கையில் இருக்கட்டும் என்று.

இவ்வளவும் கையில் இருந்தும் நான் வழக்கைத் தப்பான இடத்தில் பிடித்தேன்.

விடுதியின் பதிலுரையில் ஒரு வரி என்னைச் சீண்டிவிட்டது. "நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி தீவு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆகவே விளம்பரத்தில் பொய் ஏதுமில்லை." அப்படியா சேதி என்று நானும் கிளம்பிவிட்டேன். கடல் சட்ட ஒப்பந்தத்தின் 121-வது பிரிவு: தீவு என்றால் இயற்கையாக உருவான நிலம், நீரால் சூழப்பட்டது, கடல் ஏற்றத்தின்போதும் நீருக்கு மேலே நிற்பது. வற்றத்தில் தலைகாட்டி ஏற்றத்தில் முழுகுவதற்கு 13-வது பிரிவில் வேறு பெயர். 2016 ஜூலையில் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென் சீனக் கடல் வழக்கில், சீனா கட்டடம் கட்டி வைத்திருந்த மிஸ்சீஃப் ரீஃபையே தீவாக ஏற்காமல் அந்த இரண்டாம் வகையில்தான் சேர்த்தது நடுவர் மன்றம். அதையெல்லாம் அச்செடுத்து, நூல் கட்டி, சான்றாவணமாகக் குறியீடு செய்தேன். போதாததற்குத் தமிழிலும் ஒரு பக்கம்: ஆற்றுக்கு நடுவே இருந்தால் துருத்தி, அரங்கம், கடலில் நிலைத்து நின்றால் தீவு, வண்டலும் மணலும் சேர்ந்து எழுந்தால் திட்டு. அந்த ஊரின் பெயரே இடையன்திட்டு, இடையன்தீவு இல்லை.

இரண்டு வாய்தா இதற்கே போனது. எழுத்தர் கவலையோடு, "சார், தீவு இல்லன்னு சொல்லிட்டா அம்மாவுக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டார். அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. யோசித்தால், மணியான கேள்வி. தீவென்றே தீர்ப்பானாலும் அந்த அம்மாவை மூன்றேகால் மணி நேரம் அங்கே விட்டது சரியாகிவிடுமா? இல்லையென்று தீர்ப்பானால் மட்டும் காலில் குத்திய சிப்பிக்கு என்ன பதில்?

இதற்கு நடுவில் மே 7-ம் தேதி கேரளத்தில் தானூர் விபத்து நடந்தது. மீன்பிடிப் படகை மாற்றி உல்லாசப் படகாக்கி ஓட்டியதில் கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இறந்தவர்களும் 22 பேர்தான். தானூர்ச் செய்தியைப் படித்த அன்று இரவே என் வாதத்தைத் திருப்பி எழுதினேன்.

நுகர்வோர் வழக்கு பெரும்பாலும் நிரூபண வாக்குமூலத்தோடு, காகிதத்திலேயே முடிந்துவிடும். சாட்சியை நேரில் விசாரிப்பதென்றால் தனியாக மனுப் போட்டு, காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன். கரை சேர்த்த பெரியவரைக் கூப்பிட்டேன்.

வெள்ளைச் சட்டை, புது வேட்டி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். எத்தனையோ வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற பாதம், வெடித்து, ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. தையிலிருந்து அளத்தில் வாருபலகை பிடிப்பார்; வேலை இல்லாத நாளிலும் சாயங்காலத்திலும் கழியில் இறால்.

"ஐயா, அன்னைக்குத் தண்ணி ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தை அமாவாசைக்கு மறுநாளு. சின்னப் புள்ளைக்கும் தெரியுங்க."

"அந்த இடத்துல மூணேகால் மணி நேரம் உட்காரலாமா?"

"ரெண்டு மணிக்கு விட்டா நாலுக்குள்ள தூக்கிடணும். நாங்கள்லாம் விட்டா அப்பிடித்தான். கடிகாரத்தப் பாத்து வுடக் கூடாது, தண்ணியப் பாத்து வுடணும்."

அவர் சொன்னதற்குக் காகிதமும் இருந்தது. இந்திய நில அளவைத் துறை வருடாவருடம் வெளியிடும் ஓத அட்டவணை. சென்னைத் துறைமுகக் கணக்குப்படி அன்று பிற்பகலில் வற்றம், இரவில் ஏற்றம். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தில் பவநகர் பக்கம் பத்து மீட்டர். ஆனால் முழங்கால் உயரத் திட்டுக்கு ஒரு மீட்டர் என்ன, முக்கால் மீட்டரே போதும். இன்னொரு விஷயம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. அந்தத் தை அமாவாசையில் நிலா பூமிக்கு மிக நெருங்கி, சுமார் 3,56,600 கிலோமீட்டரில் இருந்தது. பல நூறு வருடங்களில் எந்த அமாவாசை நிலாவும் அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லையாம். பெரியவர் நிலாவை அளந்தவர் இல்லை. நாளைச் சொன்னார், சரியாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர், எனக்கு நண்பர். குறுக்கு விசாரணையில் அவரும் அந்தத் தீவையே பிடித்துக்கொண்டார்.

"நாலு பக்கமும் தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க."

"அப்ப தீவுதானே?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

"அந்த இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"பேரு கெடையாதுங்க. முகத்துவாரம் ஒரு வருசம் இங்க தொறக்கும், ஒரு வருசம் அங்க தொறக்கும். வருசா வருசம் எடம் மாறுறதுக்கு யாரு பேரு வைப்பா?"

ஆணையத் தலைவர் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். நண்பர் உட்கார்ந்துவிட்டார்.

தீவு தீவாகத் தாவுகிற விடுமுறையின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அந்தமானில் தாராளமாகச் செய்யலாம். தாய்லாந்துக்காரர்கள் அதை வைத்தே பிழைக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் 2018-ல் மாயா பே கடற்கரையை மூடி, 2022-ல்தான் திறந்தார்கள். நமக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அதில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பது தேசியப் பூங்கா, நினைத்தவர் நினைத்தபடி இறங்க முடியாது. ஆகவே, இல்லாத தீவை மரக்காணத்தில் விற்கிறார்கள். இருக்கிற கழியை, உப்பளத்தை, பூநாரையை இருக்கிறபடியே காட்டினால் ஜனங்கள் வரமாட்டார்களா என்ன? என் கட்சிக்காரர் வந்திருப்பார். அம்மா கோட்டையைப் பார்த்ததைத்தான் அன்று நன்றாக இருந்ததென்று சொன்னார்.

2024-ல் உத்தரவு வந்தது. நான் நூல் கட்டிக் கொடுத்த தென் சீனக் கடலுக்கு ஒன்றரை வரி: "குறிப்பிட்ட இடம் தீவா திட்டா என்ற கேள்விக்குள் இந்த ஆணையம் செல்ல வேண்டிய அவசியமில்லை." அதற்கு அடுத்த இரண்டு பக்கமும் பெரியவர் சொன்னது. மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்றியது, போதிய உயிர்காப்புச் சட்டை தராதது, நீரேற்றம் தெரிந்தும் எச்சரிக்காமல் விட்டுப்போய்த் திரும்பாதது, மூன்றும் சேவைக் குறைபாடு. 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இழப்பீடு 60,000. செலவுத் தொகை 5,000.

மேல்முறையீடு போவதானால் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். விடுதிக்காரர்கள் கணக்குப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் வரைவோலையாகக் கட்டிவிட்டார்கள். எழுத்தர் பெரியவருக்கு, சாட்சிக்காக வந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுக்கப் போனார். அவர் ஒரு நாள் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார், இரண்டாம் நாள் மழை, அளத்தில் எப்படியும் வேலை இருந்திருக்காது என்று.

அந்த மாதிரி சவாரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படகில் ஏறும்முன் அதன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கூட்டிப்போகும் நேரத்தைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கரையில் இறங்கும்போது கழற்றிக் கொடுக்காதீர்கள். ஏதாவது நடந்துவிட்டால் புகார் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.