பீரோவுக்குள் பூட்டி வைத்த மைக்ராஸ்கோப்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் பேரனுக்கு வாங்கிய சின்ன மைக்ராஸ்கோப்பில் கோயில் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். கடுகளவு பூச்சி ஒன்று. கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. டாஃப்னியா. தண்ணீர்த் தெள்ளு என்பார்கள். ஆனால் அது இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. கால்களாலேயே தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். "பாட்டி, இது சாப்பிட்டிருக்கு, வயிறு பச்சையா இருக்கு" என்றான் பேரன்.

எனக்கு உடனே எட்மண்ட்சன் ஞாபகம் வந்தார். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த ஊரை ஒட்டி வாஷிங்டன் ஏரி என்று பெரிய ஏரி. 1955-ல் அதில் ஆசிலேட்டோரியா என்ற நூல்பாசி தலைகாட்டியது. சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் ஏரிக்கு வந்தது. நாற்றமும் கிருமியும் போகும், பாஸ்பரஸ் போகாதே! வயலுக்கு உரம் போட்ட மாதிரி பாசிக்கு அதுவே தீனி. கழிவுநீரை நிறுத்தினால் ஏரி பிழைக்கும் என்று கணக்கோடு சொன்னார். 1958-ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். முதல் தடவை தோற்றது, அதே வருஷம் இரண்டாம் தடவை ஜெயித்தது. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். ஏரி தெளிந்தது.

வேறு யாராவது என்றால் சால்வையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இவரும் இவருடைய குழுவும் தண்ணீர் மொண்டு, பூச்சிகளை எண்ணி எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1976-ல் யாரும் எதிர்பார்க்காத விதமாக டாஃப்னியா பெருகி, ஏரி இன்னும் தெளிந்தது. ஏன் என்று பழைய நோட்டுகளைப் புரட்டினால், டாஃப்னியாவைத் தின்னும் சின்ன இறால் வகை ஒன்று பத்து வருஷம் முன்பே குறைந்திருக்கிறது. அந்த இறாலைத் தின்னும் மீன் பெருகியிருக்கிறது. அது மட்டும் போதவில்லை. நூல்பாசி டாஃப்னியாவின் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொண்டு அதைச் சாப்பிடவிடாமல் செய்யும். அந்தப் பாசியும் ஒழிந்த பிறகுதான் டாஃப்னியா வந்தது. நடுவில் எண்ணுவதை நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஆனால் என்னைச் சுட்டது இதெல்லாம் இல்லை, இவர் ஆரம்பித்த விதம். நியூ ஹேவன் ஊரில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே, அங்கே யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹட்சின்சன் தன் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். ஏரி ஆராய்ச்சியில் பெரிய மேதை என்று உலகம் கொண்டாடும் ஹட்சின்சனுக்கு பி.எச்டி. கிடையாது என்பதை, டீச்சர் டிரெயினிங் மட்டும் முடித்த நான் இங்கே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்! 1932-ல் நம் லடாக் ஏரிகளில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அங்கே கிடைத்த ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்களைப் பற்றிய அறிக்கை 1934-ல் வந்தபோது, அதில் எட்மண்ட்சன் பெயரும் இருந்தது. வயது 18.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தான். "டீச்சர், இதுல ஏதோ குதிக்குது. மைக்ராஸ்கோப்ல பார்க்கலாமா?" என்றான். மைக்ராஸ்கோப் பீரோவில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. லென்ஸ் உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். ஆண்டாய்வு சமயத்தில் மட்டும் துடைத்து மேஜைமேல் வைப்போம். "அப்புறம் பார்க்கலாம், போய் உட்காரு" என்றேன். அன்று சாயங்காலம் அந்தத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை.

குதித்தது டாஃப்னியாதான். எனக்கு அது அப்போதே தெரியும்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. மைக்ராஸ்கோப் கூடத்து மேஜைமேலேயே இருக்கிறது. குளத்தில் இப்போது தண்ணீரும் இருக்கிறது.