நோகும் பாதங்களுக்கு ஒரு முத்துச் சிவிகை

இறைவனின் திருமுகத்தைக் காணுமுன் திருவடியைக் காண வேண்டும் என்பது நம் பெரியோர் காட்டிய வழி. திருவாரூரில் தியாகேசப் பெருமானின் பாத தரிசனத்துக்காக மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் அடியார்கள் திரள்கின்றனர். பெருமாள் கோயில்களில் சடாரி நம் சிரசைத் தொடும்போது எம்பெருமானின் திருவடியே நம்மேல் படிந்ததாகக் கொள்கிறோம். இப்படித் திருவடியைத் தலைமேல் தாங்குகிற நாம், நாள் முழுவதும் நம்மைத் தாங்குகிற பாதங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அவை நோகத் தொடங்கிய பிறகே அவற்றின் நினைவு வருகிறது.

சென்னை மயிலாப்பூரில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் ஓர் அம்மையாருக்கு அந்த நினைவு அறுபத்தாறாம் வயதில் வந்தது. கணவர் மறைந்தபின் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர் அவர். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு இரண்டரை. மகனும் மருமகளும் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் புறப்பட்டால் திரும்ப இரவு ஏழு மணி ஆகும். பேத்தியைப் பள்ளி வண்டியில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும், பேரனை இடுப்பில் சுமந்துகொண்டு இரண்டு மாடி இறங்கி ஏற வேண்டும். சமையற்கட்டில் நிற்பதும், சோறூட்டக் குழந்தையின் பின்னால் ஓடுவதும் கூடமெங்கும் பதித்த கெட்டியான டைல்ஸ் தரையில்தான், அதுவும் வெறுங்காலோடு.

முதலில் வலது குதிகாலில் முள் குத்தியது போன்ற ஓர் உணர்வு. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடி தீயை மிதித்ததுபோல் இருந்தது. பத்து அடி நடந்தால் சற்றுத் தணியும். உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் குத்தும். மாலையில் இரண்டு குதிகாலும் கனக்கும். நாள்தோறும் கபாலீசுவரர் கோயிலில் மூன்று முறை வலம் வந்தவர், ஒரு முறையாகக் குறைத்து, பின் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பலானார். பேரன் நலமாகப் பிறந்தால் நூற்றெட்டு முறை வலம் வருவதாகச் செய்துகொண்ட பிரார்த்தனையில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது. தெய்வத்துக்குக் கடன்பட்டிருக்கிறோமே என்ற உறுத்தல் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு தமக்கு இங்கே என்ன வேலை, கும்பகோணத்து வீட்டுக்குத் தனியே திரும்ப வேண்டியதுதானே என்று அஞ்சினார். ஒரு நாள் பேரனைச் சுமந்து படியிறங்கும்போது குதிகால் சுரீரென்று இழுக்க, கைப்பிடிக் கம்பியைப் பற்றித்தான் இருவரும் விழாமல் தப்பினர். அதையும் அவர் மறைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

காட்டிக்கொடுத்தது அந்தப் பேரனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை விந்தி விந்தி நடந்தான். பதறிய மருமகள் காலைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. "பாட்டி நடை!" என்று அவன் சிரித்தான். உடன் சிரித்த மருமகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "எத்தனை நாளாக அத்தை இப்படி?" என்று அவள் கேட்டபோது, ஏழு மாதங்களாக அடக்கிவைத்திருந்த கண்ணீர் அந்த அம்மையாருக்கு வந்துவிட்டது.

அவரைப் பரிசோதித்த எலும்பியல் மருத்துவர் எளிமையாக விளக்கினார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை, வில்லுக்கு நாண்போல ஓடுகிறது. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, சுமை தூக்குவது, உடல் எடை, கெண்டைக்கால் தசையின் இறுக்கம் ஆகியவற்றால் அது குதிகாலோடு சேருமிடத்தில் நைந்துபோகிறது. ஓய்வின்போது இறுகியிருக்கும் அந்தப் பட்டையை, எழுந்து வைக்கும் முதல் அடி திடீரென இழுப்பதால்தான் காலையில் அத்தனை வலி. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு சிறிது நீண்டிருப்பதைக் கண்டு கலங்கியவரிடம், வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு என்றார். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே இது தணியும்; ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரையிலும்கூட ஆகும், பொறுமை வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் சொன்ன பயிற்சிகளும் எளியவையே. படுக்கையை விட்டு எழுமுன், ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் தம்பக்கம் மெல்ல இழுத்து அரை நிமிடம் நிறுத்த வேண்டும். பகலில் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் படிய, கெண்டைக்காலை நீட்ட வேண்டும். மாலையில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, உள்ளங்காலால் சில நிமிடங்கள் உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும்.

மற்றதெல்லாம் ஏற்றவருக்கு அந்தச் செருப்பு மட்டும் பெரும் தடையாயிற்று. சுவாமி படம் இருக்கும் வீட்டுக்குள் செருப்பா என்று மூன்று நாள் மறுத்தார். மருமகள் ஒரு வழி கண்டாள். தெருவை மிதிக்காத புதுச் செருப்பு ஒன்று. அது பூஜையறை வாசலோடு நின்றுவிடும். உள்ளே கனத்த ஜமுக்காளம் நான்காக மடித்துக் கிடக்கும். ஆசாரமும் கெடவில்லை, காலும் நோகவில்லை.

வீட்டின் நடைமுறையும் மாறியது. பள்ளி வண்டிக்குக் காலையில் மகனும், மாலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் செல்வதென்று ஏற்பாடாயிற்று. அம்மையார் குழந்தையைத் தூக்கி நிற்பதில்லை. உயரமான முக்காலியில் அமர்ந்து அழைப்பார், அவன் வருவான். முதல் வாரம் தூக்கச் சொல்லி அழுதான். பிறகு உட்கார்ந்த பாட்டிக்குக் கதை சொல்ல அதிக நேரம் இருப்பதைக் கண்டுகொண்டான். காய் நறுக்குவதும் சோறூட்டுவதும் அமர்ந்தபடியே நடந்தன.

இங்கே பெரியபுராணம் கூறும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. சீகாழியில் மூன்று வயதில் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பெருமானை, தலங்கள்தோறும் தோளில் சுமந்து சென்றவர் அவருடைய தந்தை சிவபாத இருதயர். திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில், தந்தையின் தோளில் ஏறாமல் பிள்ளையார் நடந்தே சென்றார். பிஞ்சுப் பாதங்கள் நொந்தன. உடன் நடந்த தந்தை மனம் வருந்தினார். அன்றிரவு இறைவன் அவ்வூர் அடியார்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னங்களும் தருகிறோம், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றருளினார். பிள்ளையார் அதை வணங்கி ஏற்று, சிவிகையில் எழுந்தருளினார். இறைவன் தந்த சிவிகையும் ஊராரின் கைகள் வழியாகத்தான் வந்தது. பெற்றுக்கொண்டவரும், எனக்கு வேண்டாம், நடந்தே வருவேன் என்று மறுக்கவில்லை.

கயிலையை நோக்கி நடந்த அப்பர் பெருமானின் கதையும் இதற்கு இணையானது. பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், புரண்டார். அதற்குமேலும் வருத்திக்கொள்ள இறைவன் விடவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச்செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைத் தந்தருளினார்.

பிரார்த்தனை பற்றி அந்த அம்மையார் கோயிலின் வயது முதிர்ந்த குருக்கள் ஒருவரிடம் கேட்டார். அவர், "அவசரம் என்னம்மா? கல் சுடுவதற்கு முன் விடியற்காலையில் வந்து, முடிந்த நாளில் ஒரு சுற்று வாருங்கள். முடியாத நாளில் பிராகாரத்தில் அமர்ந்து ஐந்தெழுத்தை ஜபியுங்கள். சுவாமி வட்டி கேட்கமாட்டார்" என்றார். அந்தச் சொல்லில் அவர் மனத்தின் பாரம் இறங்கியது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் பவனியை, மாட வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பேரனை மடியில் வைத்துக்கொண்டு தரிசித்தார்.

பத்து மாதங்கள் ஆகின்றன. வலி முக்கால் பங்கு குறைந்துள்ளது. மழைக்காலக் காலைகளில் இன்னும் எட்டிப்பார்க்கிறது. நூற்றெட்டில் இன்னும் பத்தொன்பது வலம் பாக்கி.

பேரக்குழந்தைகளை வளர்க்கும் மூத்தோர் பல வீடுகளில் உண்டு. குதிகாலில் வலி இருப்பின் அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் உள்ளங்காலை இரவுதோறும் பார்ப்பது அவசியம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சுடுநீர் ஒத்தடமும் பனிக்கட்டியும் புண்ணை உண்டாக்கும். நண்பகலில் வெயிலில் காய்ந்த பிராகாரக் கல்லும் அப்படியே. வீட்டு இளையோர்க்கும் ஒரு சொல்: பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். காலையில் அவர்கள் எழுந்து நடக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். பிறகு அருகில் அமர்ந்து கேளுங்கள்.