தார்க்குச்சி

சேலத்திலிருந்து மல்லூர் வழியே இராசிபுரம் செல்ல நேர்ந்தால், நெசவாளர் தெரு ஒன்றில் சற்று நடந்து பாருங்கள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. தறியோசை அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

திண்ணையில் ஒரு மூதாட்டி, ஒரு கையால் ராட்டையைச் சுற்றி, மறுகையால் பட்டிழையைத் தார்க்குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் நன்னியும் அண்டை வீட்டுத் தறிக்கு இவ்வாறே தார் சுற்றியவர். அக்கூலியில்தான் என் தாயார் எழுத்தறிந்தார். அந்த ராட்டையை விறகு விலைக்கு விற்றவன் நான்.

தார்க்குச்சிக்கு நாகர்கோவிலில் ஓர் உறவு உண்டு. அங்கே திண்டின்மீது ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணையிணையாக மாற்றியும் முறுக்கியும் லேஸ் பின்னும் கலையை, 1820களில் லண்டன் மிஷனைச் சார்ந்த மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்தார். அடிமைப்பட்டிருந்தோர் சிலர் அவ்வருவாயைக் கொண்டே தம்மை மீட்டுக்கொண்டனராம். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1855இல்தான்! இன்று ஐரோப்பாவில் பலர் அதைப் பொழுதுபோக்காகப் பழகி, பாட்டிமாரின் கட்டைகளைப் பேணி வருகின்றனர்.

"பழைய தார்க்குச்சி ஒன்று தருவீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"கண்ணாடிப் பெட்டியிலே வைக்கவா, தார் சுத்தவா?"

"என் மகளுக்கு."

அவர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.