பாதையும் பாலமும்

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் மடிக்கணினியுடன் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தனர். வன்னியின் பெருவீதிகளை ஒரு வலைப்பின்னலாகக் கணினியில் வரைந்து ஆராய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கிளிநொச்சியில் கணிதம் கற்பிக்கும் என்னையும் அவ்வாசை பற்றிக்கொண்டது.

ஊரைப் புள்ளியாகவும் வீதியைக் கோடாகவும் கொள்ளும் இக்கணிதத்திற்கு வித்திட்டவர் ஒயிலர். கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து உலாவருதல் இயலாது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் காட்டினார். இன்று அவ்வேலைக்குப் பைதன் மொழியில் நெற்வேர்க்-எக்ஸ் என்னும் இலவச நிரற்றொகுதி உண்டு. 'பிப் இன்ஸ்டோல்' என்று தட்டெழுதி அதன் பெயரையும் சேர்த்தோம். ஒரே வரியில் வந்து இறங்கிவிட்டது.

இடர் பின்னரே வந்தது. படம் வரையும் மற்பிளொட்லிப்பை அழைத்தபோது, ஊர்ப்பெயர்கள் யாவும் வெறுங்கட்டங்களாகத் தோன்றின. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தோம். அப்பொழுதும் கிளிநொச்சியின் கொம்பு, தன் எழுத்துக்கு முன் நில்லாது பின்னே போய் நின்றது! தமிழைச் செம்மையாக வரையும் கிராப்விஸை நாடி, அதனைப் பைதனுடன் இணைக்கும் பைகிராப்விஸை நிறுவ முயன்றோம். திரை முழுதும் பிழைச் செய்திகள். அவற்றை ஆறுதலாக வாசித்த பின்னரே காரணம் விளங்கிற்று. கிராப்விஸும் அதன் உருவாக்கக் கோப்புகளும் கணினியில் முன்னரே இருத்தல் வேண்டும். அத்திவாரம் இல்லாமல் கூரை போட முயன்றிருக்கிறோம். முறைப்படி நிறுவியதும் ஊர்ப்பெயர்கள் அழகுற எழுந்தன.

வரைபுக் கோட்பாட்டில் 'பாலம்' என்பது, நீக்கினால் வலைப்பின்னலையே இரண்டாகப் பிரித்துவிடும் கோடு. சங்குப்பிட்டிப் பாலத்தைச் சேர்க்காமல் முதலில் வினவினோம். 'பரந்தன் – ஆனையிறவு' என்று கணினி விடை தந்தது. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைச் சேர்த்ததும், பூநகரி வழியாக இன்னொரு பாதை கிடைத்தமையால் அவ்விடை மறைந்தது. மாணவர் கைகொட்டி மகிழ்ந்தனர்.

நான் மட்டும் பேசாதிருந்தேன். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, நான் கிளிநொச்சியில். என் தந்தையார் சாவகச்சேரியில். அவர் காலமான செய்தி என்னை வந்தடைந்தபோது எட்டுச்செலவும் முடிந்திருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன், அந்தியேட்டிக்குத்தானும் போக முடியவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்!

கதையைக் கேட்ட ஒரு மாணவி மெல்ல வினவினாள்: "சேர், சங்குப்பிட்டிப் பாலம் அப்போது இருந்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள்தானே?"

"இல்லை, பிள்ளை. ஏ-9 வீதி அப்போதும் அங்கேதான் கிடந்தது" என்றேன்.

கணினி கோடுகளை எண்ணும். அவற்றின் குறுக்கே மனிதர் இடும் தடைகளை, நாம் எழுதிக் கொடுத்தாலன்றி அது அறியாது. அவள் சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தாள். பின்னர் ஒவ்வொரு கோட்டின் அருகிலும், அது திறந்திருந்த ஆண்டுகளையும் மூடிக்கிடந்த ஆண்டுகளையும் பதியத் தொடங்கினாள். அன்றைய பாடத்தை நடத்தியவள் அவளே.