சக்கரத்திலிருந்து பனித்தளத்துக்கு

தமிழில் பனி என்ற சொல் படும் பாடு பெரிது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. இமயத்தை மூடிக் கிடப்பதும் பனி. பழச்சாற்றுக் கடைக்காரர் சாக்கில் சுற்றி வைத்து உடைப்பதும் பனிக்கட்டி. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் இலக்கண உரை மரபு, மார்கழியையும் தையையும் முன்பனி என்றது. மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றது. அந்தப் பனி நனைக்கும், நடுங்க வைக்கும். அதன்மேல் ஒருவர் ஏறி நிற்க முடியாது. ஆகவே நின்று ஓடுவதற்கான பனிக்கு நமக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. விளைவு, மலைச்சரிவில் நீண்ட பலகைகளைக் காலில் பூட்டி இறங்குபவரும், உறைந்த தளத்தில் கத்தி பொருத்திய காலணியோடு விரைபவரும் நம் நாளேடுகளில் ஒரே 'பனிச்சறுக்கு வீரர்' ஆகிவிடுகின்றனர். இங்கே பின்னவருடைய விளையாட்டைப் பனித்தள ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். சொல்லாக்கக் குழுவினர் பொறுத்தருள்க.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இந்தச் சொற்கவலை வந்ததற்குக் காரணம் கூடுவாஞ்சேரிதான். ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே சென்றால், விற்றும் வீடு எழாத மனைப்பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. தார் புதிது, போக்குவரத்து இல்லை. விடியற்காலையில் அங்கே பிள்ளைகள் சக்கரக் காலணிகளோடு வரிசையாகக் குனிந்து ஓடுவார்கள். பெற்றோர் ஸ்கூட்டர் விளக்கை எரியவிட்டு நாய்களை விரட்டியபடி நிற்பார்கள். 'ஸ்கேட்டிங் கிளாஸ்' என்பதைக் கோடை விடுமுறைப் பொழுதுபோக்காகவே நாம் கருதிவந்தோம், அவ்வரிசையில் நம் வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியைக் காணும் வரை.

அப்படி ஓடிப் பழகியவர்கள் எங்கே சென்று சேர்ந்திருக்கிறார்கள் என்பது இப்போது பதிவாகிவிட்டது. 2023 அக்டோபர் 2ஆம் நாள், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டச் சறுக்கில் இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் வெண்கலம் பெற்றன. பெண்கள் அணியில் இருந்த ஆரத்தி கஸ்தூரிராஜ் மருத்துவம் பயின்றவர். கார்த்திகா ஜெகதீஸ்வரனும் தமிழ்நாட்டுக்காரர். ஆண்கள் அணியில் இருந்த ஆனந்த்குமார் வேல்குமார் சென்னையில் பொறியியல் படித்தவர். 2025 செப்டம்பரில் சீனத்தின் பெய்தைஹேயில் நடந்த உலகப் போட்டியில் அவர் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் கடந்து உலக வாகையர் ஆனார். சக்கரச் சறுக்கில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மராத்தானிலும் தங்கம் வென்றார். நம் ஊர்த் தேர்தல் செய்திகளுக்கு நடுவே இது ஒரு நாள் பேசப்பட்டு ஓய்ந்தது.

ஆனால் சக்கரச் சறுக்கு ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இடம்பெற்றதில்லை. உலகின் முதல்வராக இருந்தும் ஒருவர் ஒலிம்பிக் வாயிலைத் தொட வேண்டுமானால், சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பூட்டிக்கொண்டு குளிர்கால விளையாட்டுக்குள் நுழைய வேண்டும். விசித்திரமான நிலைதான். இருந்தும் பலர் அவ்வாறு நுழைந்திருக்கின்றனர், அதுவும் பனியே பெய்யாத ஊர்களிலிருந்து.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்ற ஊர். வெப்பமும் குதிரைப் பண்ணைகளும் மிகுந்தது. அங்கே ரெனே ஹில்டிபிராண்ட் என்ற பயிற்சியாளரிடம் சக்கரத்தில் பழகிய மூவர் பனித்தள ஓட்டத்தில் ஒலிம்பிக் சென்றனர். அவர்களுள் எரின் ஜாக்சன் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் பட்டம் பெற்றவர். பட்டத்திற்குப் பின், 2017இல்தான் பனியில் முறையாக இறங்கினார். சில மாதங்களிலேயே 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கிற்குத் தேர்வானார். 2022 பெய்ஜிங்கிற்கான தகுதி ஓட்டத்தில் தடுமாறி வாய்ப்பை இழந்தபோது, அதே ஊர்க்காரரான பிரிட்டனி போவி தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் 500 மீட்டரில் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதே பெய்ஜிங்கில் பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் கூட்டுத் தொடக்க ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1948க்குப் பிறகு அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது. அவரும் சக்கரத்தில் உலக வாகையராக இருந்து, பொறியியல் படித்துக்கொண்டே பனிக்கு வந்தவர்.

இந்தியாவுக்கும் இக்கதை புதிதன்று. 1964 இன்ஸ்பிரக்கில் இந்தியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரராக மலைச்சரிவில் இறங்கிய ஜெரிமி புஜகோவ்ஸ்கி, போலந்துப் பெற்றோரின் மகன்; அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் லூஜ் எனும் சறுக்குவண்டியில் பாய்ந்த சிவ கேசவன், தந்தை வழியில் கேரளத்தவர். முறையான பனித்தடம் இல்லாததால், வண்டிக்குச் சக்கரம் மாட்டி மணாலிப் பக்கத்து மலைச்சாலைகளில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே பழகினார். பனி இல்லையேல் சக்கரம் என்ற சூத்திரத்தை நம் நாட்டில் எழுதியவர் அவர்தான் எனலாம்.

மாணவர்க்கென்றே உலகப் பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டுகள் 1960இல் பிரான்சின் ஷமோனியில் தொடங்கி நடந்துவருகின்றன. 2025 ஜனவரியில் இத்தாலியின் தூரினில் நடந்தன. பயிலும் மாணவரோடு, பட்டம் பெற்ற மறு ஆண்டினரும் வயது வரம்புக்குள் கலந்துகொள்ளலாம். நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் இதைப் பற்றிய தாள் ஒன்றை நாம் கண்டதில்லை.

நம் மாணவிக்குப் பனி ஆசை வந்தது 2025 ஜனவரிக்குப் பிறகு. அம்மாதம் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் முதற்கட்டப் பதக்கப் பட்டியலில், லடாக்கிற்கு அடுத்து இரண்டாமிடத்தில் நின்றது தமிழ்நாடு. ஆம், தமிழ்நாடுதான். உறைந்த குளமும் இல்லை, முழு அளவுப் பனித்தளமும் இல்லை. சக்கரத்தில் பழகிய கால்கள் மட்டுமே. "நம்ம ஊர்ப் பிள்ளைங்க அங்க போய் ஜெயிக்கறாங்கன்னா நானும் ஒரு தடவ ஐஸ்ல நின்னு பாக்கணும் ஐயா" என்றாள்.

குருகிராமில் பத்து நாள் முகாம். தந்தை கூரியர் நிறுவனத்தில் வண்டி ஓட்டுபவர். செலவில் பாதியைச் சீட்டுப் பணத்தில் திரட்டினார். நாம் வகுப்பாசிரியர் என்ற முறையில் ஓ.டி. விண்ணப்பத்திற்குப் பரிந்துரை எழுதினோம். அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். பட்டியலில் சக்கரச் சறுக்கு இருக்கிறதாம், பனித்தளம் இல்லையாம். "இது பனிப்பிரதேசத்துக்காரங்க விளையாட்டுதானே சார்" என்று ஒருவர் சிரித்தார். பதக்கப் பட்டியலை அச்செடுத்துக் காட்டினோம். பட்டியல் வேறு, விதி வேறு என்றார். அவள் வருகைக் குறைவுக்கான கண்டனேஷன் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரயிலேறினாள்.

இதில் தொலைவைக் குறைசொல்வது வழக்கம். நமக்கு அது சரியாகப் படவில்லை. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய பனித்தளம், பத்தாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மறுபடி உயிர்பெற்று ஆசியப் போட்டியொன்றை நடத்தியது. கூடுவாஞ்சேரிக்கும் டேராடூனுக்கும் உள்ள தொலைவைவிட, ஒகாலாவுக்கும் சால்ட் லேக் நகரப் பனித்தளத்துக்கும் உள்ள தொலைவு அதிகம். அங்கே சென்றவர்களுக்குத் தங்கவும் பழகவும் ஒரு ஏற்பாடு காத்திருந்தது. இங்கே தகப்பனின் சீட்டுப் பணம்.

திரும்பி வந்தவளிடம் பனி எப்படி இருந்தது என்று கேட்டோம். முதல் இரண்டு நாள் நிற்கவே முடியவில்லையாம். "சக்கரம் ரோட்டப் புடிச்சுக்கும் ஐயா. ஐஸ் எதையும் புடிக்காது, நாமதான் கத்தியச் சாய்ச்சு அதப் புடிக்கணும்" என்றாள். பிறகு, வளைவில் சாயும்போது உடம்பு தானாகவே சரியாகிவிட்டது, அது மட்டும் ஏற்கெனவே தெரிந்த வேலையாக இருந்தது என்றாள். சக்கரத்தின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி பயமாக இருந்ததாம்.

அங்கேயே ஒருவரிடம் பழைய கத்திக் காலணி ஒரு இணை வாங்கி வந்திருக்கிறாள். துருப் பிடிக்காமல் துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறாளாம். அடுத்த முகாம் மே மாதம், தேர்வு முடிந்த மறுவாரம். அதுவரை மனைப்பிரிவுத் தார்ச்சாலையில் சக்கரம்தான். அங்கும் இப்போது வீடுகள் எழத் தொடங்கிவிட்டன. மணல் லாரிகள் வருகின்றன. விடிகாலைப் பயிற்சியை நான்கு மணிக்கு மாற்றியிருக்கிறார்கள்.