நிலவின் விளிம்பில் ஓர் அளவுகோல்

துணியை முழம் போட்டு அளக்கலாம். நெல்லைப் படியால் அளக்கலாம். நிலத்தைச் சங்கிலி இழுத்து அளக்கலாம். எவரும் போயிராத, போகவும் இயலாத ஓரிடத்தின் தொலைவை எதைக்கொண்டு அளப்பது? என் மகள் வயிற்றுப் பேத்தி சித்தன்னவாசலில் வைத்து என்னிடம் கேட்டது இதைத்தான். ஏதோ ஒரு நட்சத்திர மண்டலம் இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதாக அவள் படித்திருந்தாள். "நன்னா, அங்கே போய் அளந்து வந்தவர் யார்?" என்றாள். அக்கேள்வியில் ஐயம் மட்டுமன்று, சிறிது ஏளனமும் இருந்தது. கேட்டதையெல்லாம் நம்பிவிடும் பிள்ளையல்லள்.

அப்போது ஏழடிப்பட்டத்துக் குகையில், சமண முனிவர்களுக்காக வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளின் முன் நின்றிருந்தோம். அவற்றுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. "இது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்களே, வெட்டிய நாளில் உடனிருந்து பார்த்தவர் யார்?" என்று நானும் திருப்பிக் கேட்டேன். அக்கல்லில் ஆண்டுக் குறிப்பு ஏதுமில்லை. எழுத்தின் வடிவம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதை அறிந்தவர்கள், அம்மாற்றத்தைக் கொண்டே வயதைக் கணிக்கிறார்கள். விண்ணிலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது.

பார்ப்பது வேறு, தொலைவை அறிவது வேறு. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964இல் எழுதிய நட்சத்திர நூலில் ஆந்திரமேதா மண்டலத்தைச் சிறு மேகமென்று குறித்தார். அது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனி மண்டலம் என அறிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கேயுரிய கோடுகள் உண்டு. 3சி 273 என்று பட்டியலிடப்பட்ட பொருள் பார்வைக்கு மங்கலான ஒரு நட்சத்திரம். ஆனால் அதன் கோடுகள் எதனோடும் பொருந்தவில்லை. 1963 பிப்ரவரியில் பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த பதிவை ஆராய்ந்த மார்ட்டன் ஷ்மிட், அவை பழகிய ஹைட்ரஜன் கோடுகளே என்று கண்டுகொண்டார். எழுத்து தெரிந்த எழுத்துத்தான். சிவப்பை நோக்கி 16 விழுக்காடு இடம் பெயர்ந்திருந்தது. விண்வெளி விரிவதனால் நேரும் இந்தச் செம்பெயர்ச்சி, தொலைவு மிக மிகத் தானும் மிகும். 1929இல் ஹபிள் காட்டிய உறவு அது. அதன்படி 3சி 273 ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு மண்டலத்தின் கொந்தளிக்கும் மையம். அங்கே ஒரு பெருங்கருந்துளையில் விழும் பொருள் கனன்று, தன்னைச் சூழ்ந்த நட்சத்திரக் கூட்டம் முழுவதையும் மங்கச் செய்கிறது.

ஒன்றை மறைக்காமல் பேத்தியிடம் சொல்லிவிட்டேன். 32.6 இலட்சம் ஒளியாண்டுக்கு விரிவின் வேகம் விநாடிக்கு 67 கிலோமீட்டர் என்று ஒரு வழியிலும், 73 என்று மற்றொரு வழியிலும் விடை வருகிறது. பூசல் இன்னும் தீரவில்லை. எனவே இத்தொலைவுகளில் நூற்றுக்கு எட்டளவு ஏறவோ இறங்கவோ இடமுண்டு. கல்வெட்டறிஞர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடுபவர்கள்தாமே!

சரி, அந்த மங்கலான புள்ளிதான் ரேடியோ அலைகளை வீசுகிறது என்று எப்படித் தெரிந்தது? பிறை பார்க்கும் வழக்கமுள்ள நமக்கு இந்த விடை பிடித்துப்போகும். நிலவு வானில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவுக்குக் கிழக்கே நகர்கிறது. வழியில் எதிர்ப்படுவதை மறைக்கிறது. நிலவின் இருப்பிடம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே அலை அறுபடும் கணத்தில் நிலவின் விளிம்பு எங்கிருந்ததோ, அவ்விளிம்பின் மீதுதான் அப்பொருள் உள்ளது. மறையும் கணத்தையும் வெளிப்படும் கணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடம் உறுதியாகும். மறைய எடுக்கும் நேரம் அதன் அகலத்தையும் சொல்லிவிடும். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹஸார்டும் உடனிருந்தோரும் 3சி 273ஐ இப்படித்தான் பிடித்தார்கள்.

அதே உத்தியைப் பெருமளவில் கையாண்டது நம் நீலகிரி. ஊட்டியை அடுத்த முத்தோரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970இல் வேலையைத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதற்கென 11 பாகை சரிந்த மலையைத் தேடிப் பிடித்தார்கள்; அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு ஒரு பொருளை ஒன்பது மணி நேரம் தொடரலாம். இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் கேள்விப்பட்டதில்லை.

நிலவு மறைத்த ரேடியோ மூலங்களை நூற்றுக்கணக்கில் அங்கே அளந்தார்கள். மங்கலானவை, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ளவை, கோண அளவில் சிறுத்துக்கொண்டே போயின. 1975இல் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் இதை வெளியிட்டனர். பண்டைய மண்டலங்கள் இன்றுள்ளவை போன்று இல்லை என்பது அதன் பொருள். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்ற கோட்பாட்டுக்கு அது பேரிடி. அக்கோட்பாட்டின் முதன்மையான ஆதரவாளருள் ஒருவரான ஜயந்த் நார்லிகர், 1972 முதல் அதே நிலையத்தில்தான் பேராசிரியராக இருந்தார். அவர் பின்வாங்கிவிடவில்லை. ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து 1993இல் தம் கோட்பாட்டைத் திருத்தி மீண்டும் முன்வைத்தார்.