பாட்டியின் குரலுக்கு ஒரு கருவி

இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் காணொளி எடுத்துவிடலாம். 2006-ஆம் ஆண்டில் நிலைமை அப்படி இல்லை. கைப்பேசியில் எடுத்த படங்கள் மங்கலாகவும் சிறியதாகவும் இருந்தன. வீட்டு நிகழ்வுகளை நல்ல முறையில் பதிவு செய்ய விரும்பியவர்கள் ‘கேம்கோடர்’ எனப்படும் ஒளிப்பதிவுக் கருவியைத் தனியே வாங்கினார்கள். எங்கள் குடும்பமும் அவ்வாண்டு ஒன்றை வாங்கியது. பிறந்தநாளுக்காகவோ சுற்றுலாவுக்காகவோ அல்ல, பாட்டிக்காக.

பாட்டிக்கு அப்போது 82 வயது. இளமை முழுவதையும் ரப்பர் தோட்டத்தில் கழித்தவர். விடியுமுன் பிரட்டுக்கு ஓடியது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியது, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தது என்று அவர் சொல்லும் கதைகளுக்குக் கணக்கே இல்லை. லயத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டுகளும் அவருக்கு நினைவில் இருந்தன. ஆனால், அந்த ஓராண்டில் அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. சில பாட்டுகள் பாதியிலேயே நின்றுபோயின. சித்தப்பா சிலவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். சொற்களை எழுதிவிடலாம், மெட்டை எப்படி எழுதுவது?

கடைக்குப் போகுமுன் அப்பா எங்களை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே பதிவு செய்யப் போகிறோம்? எந்த நேரத்தில்? முக்கியமாக எது பதிவாக வேண்டும்? பாட்டி பகலில் அதிகம் பேசமாட்டார். இரவு உணவுக்குப் பிறகுதான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கதை சொல்வார். அங்கே இருப்பது ஒரே ஒரு குழல்விளக்கு. தலைக்கு மேல் மின்விசிறி சுழலும். ஆகவே, மங்கிய வெளிச்சத்திலும் முகம் தெரிய வேண்டும்; மெல்லிய குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும். தேவை இவ்வளவுதான்.

கோலாலம்பூரில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குச் சென்றோம். அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருந்தது வேறு. ‘800 மடங்கு’ என்று ஒரு பெட்டி சொன்னது. தூரத்தில் உள்ளதை அத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம்! அருகில் சிறிய எழுத்தில் ‘20 மடங்கு’ என்றும் இருந்தது. அந்தச் சிறிய எண்தான் உண்மையில் பயன்படும் எண். கண்ணாடி வில்லைகள் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குவது 20 மடங்கு வரைதான். அதற்குமேல் கருவி, பதிவான படத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. படம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். இன்றைய கைப்பேசிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. விளம்பரங்களைப் பார்க்கும்போது கவனியுங்கள். பாட்டியோ இரண்டு மீட்டர் தொலைவில் உட்காரப் போகிறார். அவரை 800 மடங்கு பெரிதாக்கி என்ன செய்வது?

கடைக்காரர் பொறுமைசாலி. அப்பா இரண்டு கருவிகளை வாங்கிக் கடை மேசைக்கு அடியில் இருந்த இருட்டை நோக்கிப் பிடித்தார். ஒன்றின் திரையில் புள்ளிகள் எறும்புகள்போல ஊர்ந்தன. மற்றதில் அட்டைப்பெட்டிமேல் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. காரணம், உள்ளே இருக்கும் ஒளி உணரியின் அளவு. உணரி பெரிதாக இருந்தால் அது கூடுதல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அது மிகச் சிறியதாக இருந்தது.

அடுத்தது ஒலி. பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். கருவியோடு இணைந்த ஒலிவாங்கி பாட்டியின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் கருவிக்குள் சுழலும் இயந்திரத்தின் ஓசையையும் சேர்த்தே பிடிக்கும். சேலையில் குத்திக்கொள்ளும் சிறிய ஒலிவாங்கி ஒன்றை இணைத்தால் குரல் அருகிலிருந்து பதிவாகும். அதை இணைப்பதற்கான துளை மலிவான கருவிகள் பலவற்றில் இல்லை. அப்பா அத்தகைய கருவிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கடைசியில் மூன்றுதான் மிஞ்சின.

எதில் பதிவு செய்வது என்பதில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது.

“டிவிடி வட்டில் பதிவாகும் கருவியை வாங்கலாம், அப்பா. எடுத்த உடனே தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கலாமே!” என்றான் அண்ணன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால், அந்தச் சிறிய வட்டில் நல்ல தரத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான் பதிவாகும்.

“பாட்டி பாடும்போது, ‘கொஞ்சம் நிறுத்துங்கள், வட்டு மாற்றுகிறேன்’ என்று சொல்வாயா?” என்று அப்பா கேட்டார்.

1995-இல் அறிமுகமான ‘மினி டிவி’ என்னும் சிறிய நாடாவில் 60 நிமிடம் பதிவு செய்யலாம். பதிவான நாடாவைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். அதையே வாங்கினோம். அதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் முழுமையாக ஓடவிட வேண்டும். அது 13 ஜிகாபைட் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

முதல் இரவு, கருவியின் முன்புறம் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பாட்டி வாயைத் திறக்கவில்லை. அந்த விளக்கை அணைத்து வைக்கும் வசதி இருந்தது, நல்லவேளை. மின்விசிறியையும் நிறுத்தினோம்.

“என்னை வேகவச்சுப் படம் எடுக்கிறீங்களாடா?” என்று திட்டிக்கொண்டே தொடங்கிய பாட்டி, அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்.

மொத்தம் பதினொரு நாடாக்கள். ஐந்தாவதில் ஒரு தாலாட்டு முழுமையாக இருக்கிறது. சித்தப்பாவின் நோட்டில் இல்லாத நான்கு அடிகளும் அதில் வருகின்றன. நடுவில் பாட்டி நிறுத்தி, “ஏய்யா, இது ஓடுதா?” என்று அப்பாவைக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்தே மறுபடியும் பாடுகிறார்.

இப்போது அந்த நாடாவை ஓட்டும் கருவிகள் கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. எங்களுடையது பழுதாவதற்கு முன்பே பதினொன்றையும் அண்ணன் கணினிக்கு மாற்றிவிட்டான். ஒரு பிரதி எங்கள் வீட்டிலும் மற்றொன்று கிள்ளானில் அத்தை வீட்டிலும் இருக்கின்றன. அத்தைக்குப் பேரன் பிறந்தபோது அவர் முதலில் கேட்டது ஐந்தாவது நாடாவைத்தான்.